சோதனைகள் பொதிக்கு உள்ளேயா, வெளியேயா? பழைய குறியாக்க மாற்றிகளுக்கு இடம் எது?

வல்லினம் எழுதியது:

வணக்கம். நம் தமிழ் உரைச் செயலாக்க நூலகத்தின் அடைவு அமைப்பை மாற்றலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்கிவிடும். இம்முறை அதை முடித்தே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டது. சென்ற வெளியீட்டின் வீல் கோப்பில் (பைத்தான் நூலகத்தை நிறுவத் தரும் தொகுப்பு), பழைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியின் எழுத்து அட்டவணை இடம்பெறவில்லை. பைப் என்ற நிறுவுகருவி வழியாக நிறுவியவர்கள், திஸ்கியை யூனிகோடாக்கும் மாற்றியை அழைத்த கணமே ‘கோப்பு இல்லை’ என்ற பிழையைக் கண்டார்கள். ஆனால் வெளியீட்டுக்கு முன் ஓடிய சோதனைகள் ஒன்றுவிடாமல் தேறியிருந்தன. வீலை உருவாக்கி, புதிய மெய்நிகர் சூழலில் நிறுவிய பிறகே சோதனைகளை ஓட்டுகிறோம் என்பதால், இது எப்படி நழுவியது என்று வழுப்பதிவில் பலர் கேட்டிருந்தார்கள்.

நழுவிய இடம் அடைவு அமைப்புதான். மூலநிரல் களஞ்சியத்தின் வேரில் (மேல்மட்ட அடைவில்) நூலகப் பொதியும் சோதனைகளுக்கான டெஸ்ட்ஸ் அடைவும் அருகருகே இருக்கின்றன. டெஸ்ட்ஸ் அடைவுக்குள் வெறுமையான இனிட் கோப்பு (ஓர் அடைவைப் பைத்தான் பொதியாகக் காட்டுவது) ஒன்றும் இருக்கிறது. சோதனைகளை ஓட்டும் கருவியான பைட்டெஸ்ட் தன் இயல்பான முறையில் ஒரு சோதனைக் கோப்பை ஏற்றும்போது, அங்கிருந்து மேல்நோக்கிச் சென்று, இனிட் கோப்பு இல்லாத முதல் அடைவைக் கண்டு, அதைப் பைத்தானின் தேடல் பாதையில் முதலிடத்தில் வைக்கிறது. நம்மிடம் அந்த அடைவு களஞ்சியத்தின் வேர். ஆகவே சோதனை நிரல் நம் பொதியை இம்போர்ட் செய்தபோது கிடைத்தது, நிறுவப்பட்ட பிரதி அன்று. பக்கத்திலேயே கிடந்த மூலப் பிரதி. மூலப் பிரதியில் அட்டவணை இருந்தது, சோதனையும் தேறியது. அட்டவணை விடுபட்ட வீலை எந்தச் சோதனையும் தொடவே இல்லை.

என் முன்மொழிவு இது. நூலகப் பொதியை எஸ்ஆர்சி என்ற அடைவுக்குள் நகர்த்துவோம். சோதனைகள் வேரிலுள்ள டெஸ்ட்ஸ் அடைவிலேயே இருக்கட்டும். அதிலுள்ள இனிட் கோப்பை நீக்கிவிடுவோம். பிளாஸ்க், பைப், ஆட்ரஸ் ஆகிய பைத்தான் திட்டங்களும் பொதியை எஸ்ஆர்சிக்குள்ளும் சோதனைகளை வெளியேயும் வைத்திருக்கின்றன. வேரில் பொதி இல்லாதபோது, நிறுவாமல் இம்போர்ட் செய்யவே முடியாது. மேற்சொன்ன வழு அன்றே வெளிப்பட்டிருக்கும்.

இதோடு ஒட்டிய இரண்டு கேள்விகளையும் இங்கேயே பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு சரங்களை யூனிகோடு இயல்பாக்கத்துக்குப் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) பின் ஒப்பிட்டு, வேறுபட்டால் குறிப்புள்ளிகளை (எழுத்துக்குறிகளின் எண்களை) வரிசையாகக் காட்டும் உதவி மாட்யூல் ஒன்று நம்மிடம் உண்டு. அது இப்போது டெஸ்ட்ஸ் அடைவுக்குள் இருக்கிறது. அதை எங்கே வைப்பது? அடுத்து, திஸ்கி, டாப், டாம் ஆகிய பழைய குறியாக்கங்களின் மாற்றிகள் மையப் பொதிக்குள்ளேயே தொடர வேண்டுமா, தனிப் பொதியாகப் பிரிய வேண்டுமா?

நொய்யல் எழுதியது:

வல்லினம் அவர்களுக்கு, நீங்கள் வழுவை விளக்கியது சரி. ஆனால் அதற்குச் சொல்லும் மருந்து ஒன்றே ஒன்று அன்று. நம்பை, சைபை, சைகிட்-லேர்ன், பாண்டாஸ் ஆகிய பெரிய அறிவியல் நூலகங்கள் அனைத்தும் சோதனைகளைப் பொதிக்கு உள்ளே வைத்திருக்கின்றன. நம்பையில் ஒவ்வொரு துணைப்பொதிக்குள்ளும் ஒரு டெஸ்ட்ஸ் அடைவு உண்டு. பாண்டாஸ் அவற்றைப் பொதிக்குள் ஒரே அடைவில் திரட்டி வைத்திருக்கிறது. நம்பையை நிறுவிய எவரும், களஞ்சியத்தின் முகவரியே தெரியாதவராயினும், பைட்டெஸ்டையும் ஹைப்பாதெசிஸ் என்ற சோதனைக் கருவியையும் நிறுவிக்கொண்டு ஒரே வரியில் முழுச் சோதனைத் தொகுப்பையும் தம் கணினியில் ஓட்டலாம். ‘என் கணினியில் தவறான விடை வருகிறது’ என்று ஒருவர் எழுதினால், பராமரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி அந்த ஓட்டத்தின் வெளியீட்டைப் பற்றியதாகவே இருக்கும்.

அவர்களிடம் சி மொழியில் தொகுக்கப்பட்ட பகுதிகள் உண்டு, செயலிக்குச் செயலி விடை மாறக்கூடும், நம்முடையதோ தூய பைத்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் நம் நூலகமும் கணினிக்குக் கணினி மாறும் ஒன்றைச் சார்ந்தே இருக்கிறது. எழுத்தின் வகையை அறிய நாம் பைத்தானோடு வரும் யூனிகோடு தரவைப் பயன்படுத்துகிறோம். அந்தத் தரவின் பதிப்பு பைத்தானின் பதிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. முந்திரி (1/320) முதலான பின்னக் குறியீடுகளைக் கொண்ட தமிழ்த் துணைத்தொகுதி, 2019இல் வந்த யூனிகோடு 12.0இல்தான் சேர்ந்தது. பைத்தான் 3.7 இலுள்ள தரவு 11.0, 3.8 இலுள்ளது 12.1. கல்வெட்டுப் பாடங்களையும் பழங்கணக்கு ஏடுகளையும் உள்ளிடும் ஓர் ஆய்வாளர் பழைய சேவையகத்தில் நம் நூலகத்தை ஓட்டினால், 1/320க்கான குறியை அது ‘ஒதுக்கப்படாத குறிப்புள்ளி’ என்றே சொல்லும். இப்படிப்பட்டவரிடம் ‘களஞ்சியத்தை நகலெடுத்து, இன்ன சார்புகளை நிறுவி, பிறகு சோதனையை ஓட்டுங்கள்’ என்று சொல்வதற்கும், ‘இந்த ஒரு வரியை அடித்து வருவதை அனுப்புங்கள்’ என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். முதலாவதைச் சொன்னால் பெரும்பாலானோர் பதிலே எழுதுவதில்லை.

எனவே எஸ்ஆர்சி அடைவுக்கு நான் எதிரியல்லன். சோதனைகளைப் பொதியிலிருந்து பிரித்து வைப்பதற்குத்தான் எதிரி. எஸ்ஆர்சிக்குள் பொதி, பொதிக்குள் சோதனைகள் என்ற அமைப்பும் உங்கள் வழுவைப் பிடித்திருக்கும்.

பொதிகாவலர் எழுதியது:

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பொதிகள் கட்டுபவன் என்ற முறையில் இரு தரப்புக்கும் நடுவே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இங்கே உள்ளே, வெளியே என்று இரண்டே நிலைகளாகப் பேசுகிறீர்கள். நாங்கள் பார்க்கும் பொருள்கள் மூன்று: களஞ்சியம், மூலப் பொதி (வெளியீட்டின் மூலநிரல் தொகுப்பு), நிறுவப்படும் பொதி. ஒரு சோதனைக் கோப்பு இம்மூன்றில் எதில் இருக்க வேண்டும் என்பதைத் தனித்தனியாக முடிவு செய்யலாம்.

நிறுவப்படும் பொதியைப் பொறுத்தவரை, மிக மோசமான நிலை ஒன்று உண்டு. அது எவரும் விரும்பி அமைப்பதன்று, தானாக நேர்வது. வேரிலுள்ள டெஸ்ட்ஸ் அடைவில் இனிட் கோப்பு இருந்து, அமைப்புக் கோப்பில் பொதிகளைத் தேடும் செயற்கூற்றுக்கு விலக்கு எதுவும் சொல்லாமல் விட்டால், டெஸ்ட்ஸ் என்ற அடைவு உங்கள் பொதிக்குள் செல்லாமல் நூலகங்கள் நிறுவப்படும் அடைவான சைட்-பேக்கேஜஸின் மேல்தட்டிலேயே நிறுவப்பட்டுவிடும். அதே தவறைச் செய்த இன்னொரு நூலகமும் அங்கே வந்தால், ஒன்றின் கோப்பை மற்றது மேலெழுதும். டெபியனில் இரண்டு பொதிகள் ஒரே பாதையிலுள்ள ஒரே கோப்புக்கு உரிமை கொண்டாட முடியாது என்பதால், இரண்டாவது பொதியின் நிறுவல் பாதியிலேயே நின்றுவிடும். பொதி கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ், 2022இல் வந்த 61ஆம் பதிப்பிலிருந்து பொதிகளைத் தானே கண்டறியும்போது டெஸ்ட்ஸ், டாக்ஸ் போன்ற பெயர்களை ஒதுக்கிவிடுகிறது. ஆனால் பழைய அமைப்புக் கோப்பில் தேடலை நாமே எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிட்டாது. நம் களஞ்சியத்தில் இருப்பது பழைய கோப்பு. விலக்கு எழுதப்பட்டிருக்கிறது, சிக்கல் இல்லை. இருந்தாலும் இனிட் கோப்பு போவது நல்லதே.

மூலப் பொதியைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் உறுதியானது: சோதனைகளும் அவற்றின் தரவும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். நாங்கள் பொதியைக் கட்டும்போது ஒரு முறை சோதனைகளை ஓட்டுகிறோம். பிறகு, நீங்கள் சார்ந்திருக்கும் வேறொரு நூலகம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம், நிறுவப்பட்ட உங்கள் பொதியின்மீது ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் என்ற டெபியன் கருவி வழியாக மீண்டும் ஓட்டுகிறோம். அப்போது செய்வது எளிய வேலைதான்: டெஸ்ட்ஸ் அடைவைத் தற்காலிக இடத்துக்கு நகலெடுத்து, அங்கே சென்று, அங்கிருந்து ஓட்டுவது. மூலப் பிரதி பக்கத்தில் இல்லாததால் நிறுவப்பட்டதே சோதனைக்கு உள்ளாகும். வல்லினம் சொன்ன வழு எங்களிடம் முதல் ஓட்டத்திலேயே பிடிபட்டது இதனால்தான். சோதனைகள் வெளியே தனி அடைவில் இருந்தால் இந்த நகலெடுப்பு ஒரு வரி.

நம்பை வழிக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலாவிக்குள் பைத்தானை ஓட்டும் பையோடைட் திட்டம், பதிவிறக்க அளவைக் குறைப்பதற்காகப் பொதிகளுக்குள் இருக்கும் சோதனைகளை உருவித் தனிப் பொதிகளாக வைக்கிறது. பைத்தான் மொழியின் சோதனைத் தொகுப்பும் லிப் அடைவுக்குள் டெஸ்ட் என்ற பொதியாகவே இருக்கிறது. டெபியன் அதைத் தனியாகப் பிரித்துத் தருகிறது, விண்டோஸ் நிறுவியில் அதற்கென ஒரு தேர்வுப்பெட்டி உண்டு, 3.10 பதிப்பிலிருந்து அதை நிறுவாமல் விடக் கட்டமைப்புத் தெரிவும் வந்துவிட்டது. உள்ளே வைத்தவற்றை வெளியே எடுக்க எத்தனை பேர் உழைக்கிறார்கள் பாருங்கள்.

தரவைப் பற்றி இன்னும் ஒன்று. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வெளிப்படுத்திய கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் பின்கதவை மறந்திருக்க மாட்டீர்கள். 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் தீங்கு நிரல் எங்கே ஒளிந்திருந்தது? சோதனைகளுக்கான இருமக் கோப்புகளில். ஒரு சுருக்கநிரலின் சோதனை அடைவில் சிதைந்த சுருக்கக் கோப்புகள் இருப்பது இயல்பு; யாரும் திறந்து படிப்பதில்லை. களஞ்சியத்தில் இல்லாமல் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்த ஒரு கட்டமைப்பு நிரல் அவற்றைப் பிரித்தெடுத்து நூலகத்துக்குள் சேர்த்தது. நம் டெஸ்ட்ஸ் அடைவிலும் திஸ்கி மாதிரிகள் என்ற பெயரில் இருமக் கோப்புகள் கிடக்கின்றன. யார் எப்போது எதிலிருந்து உருவாக்கினார் என்ற குறிப்பு எதிலும் இல்லை.

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே அண்மையில்தான் பங்களிக்கத் தொடங்கினேன். என் கேள்வி சிறியதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அகரவரிசைச் சீராக்கத்தில் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தேன். யூனிகோடு வரிசையில் நகரத்துக்கு அடுத்தே னகரம் வருகிறது, நம் அகரவரிசையிலோ அது கடைசி மெய். இதையொட்டிய ஒரு சொல் தவறான இடத்தில் விழுந்தது. திருத்தம் மூன்று வரி. அதற்கான சோதனையை எங்கே எழுதுவது என்று தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. டெஸ்ட்ஸ் அடைவில் ‘வரிசை’ என்ற பெயரில் ஒரு கோப்பு, ‘சொல்வரிசை’ என்று இன்னொன்று, ‘பழைய வழுக்கள்’ என்று ஒன்று. அலுவலகத்தில் கோ மொழியில் எழுதுகிறேன். அங்கே ஒரு கோப்புக்கான சோதனை அதன் அருகிலேயே, அதே பெயரோடு இருக்கும். தேட வேண்டியதே இல்லை. இங்கும் அப்படி வைத்தால் என்ன?

தாமிரபரணி எழுதியது:

புதுவரவு அவர்களே, கேள்வி சிறியதன்று. நேற்றுவரை இங்கே நடந்த வாதம் சோதனையை ஓட்டுபவரைப் பற்றியது. நீங்கள் அதை எழுதுபவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதை யாரும் கேட்கவில்லை.

கோ மொழியில் அந்த அமைப்பு இயல்வதற்குக் காரணம் கருவிச் சங்கிலியே அதை அறிந்திருப்பதுதான். பெயரின் முடிவில் டெஸ்ட் என்ற ஒட்டு இருந்தால், அந்தக் கோப்பு வழக்கமான தொகுப்பில் சேராது. டெஸ்ட்டேட்டா என்ற அடைவைக் கருவி பொதியாகக் கருதுவதே இல்லை. ரஸ்ட் மொழியிலும் அவ்வாறே: மாட்யூலுக்குள்ளேயே எழுதப்படும் சோதனைப் பகுதி சோதனைத் தொகுப்பில் மட்டும் உயிர் பெறும், வேரிலுள்ள டெஸ்ட்ஸ் அடைவின் ஒவ்வொரு கோப்பும் தனி நிரலாகத் தொகுக்கப்பட்டு, நூலகத்தின் பொது முகத்தை (பயனர் அழைக்கக்கூடிய பகுதியை) மட்டுமே காணும். பைத்தானில் இப்படி எந்தக் காவலும் இல்லை. அருகில் வைத்தால் அது வீலுக்குள் போகும். விலக்க வேண்டுமானால் நாம்தான் விலக்க வேண்டும்.

ஆனால் ரஸ்ட் செய்யும் பிரிப்பில் நமக்குப் பயனுள்ள ஒன்று இருக்கிறது. நம் சோதனைகளும் இரண்டு வகைப்பட்டவை. எடுத்துக்காட்டாக, ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் ககரமும் ஒகர உயிர்க்குறியுமாக இரண்டு குறிப்புள்ளிகளில் எழுதலாம். ககரம், எகரக்குறி, கால் என மூன்றிலும் எழுதலாம். இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எழுத்தெண்ணும் பொதுச் செயற்கூறு இரண்டுக்கும் ஒன்று என்றே விடை சொல்ல வேண்டும் என்பது ஒரு சோதனை. உள்ளே உள்ள, உரையைத் துண்டுகளாகப் பிரிக்கும் துண்டாக்கி, இயல்பாக்கத்துக்கு முன் எத்தனை துண்டுகளைத் தருகிறது என்பது வேறொரு சோதனை. முதலாவது பயனருக்கு நாம் கொடுத்த வாக்கு. எந்தக் கணினியிலும் எந்தப் பதிப்பிலும் நிற்க வேண்டும். இரண்டாவது நம் வீட்டு விவகாரம். துண்டாக்கியை அடுத்த மாதம் மாற்றி எழுதினால் அந்தச் சோதனையும் மாறும், பயனருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஔகாரச் சோதனைகளில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல்: ஔகாரக் குறியின் இடத்தில் எகரக்குறியையும் ளகரத்தையும் தட்டச்சிட்டு வரும் உரைகளை நாம் திருத்துவதா, உள்ளபடி விடுவதா என்பது பொது முகத்தின் முடிவு. ஆனால் அதற்கான சோதனை இப்போது துண்டாக்கியின் உட்கோப்பில் புதைந்து கிடக்கிறது.

நொய்யல் கேட்பது முதல் வகைச் சோதனைகள் பயனர் கையில் இருக்க வேண்டும் என்பதே என்று புரிந்துகொள்கிறேன். அதற்கு முழுத் தொகுப்பையும் பொதிக்குள் திணிக்க வேண்டியதில்லை. சிறிய ‘தற்சோதனை’ மாட்யூல் ஒன்று, பைட்டெஸ்டைக்கூடச் சாராமல், பைத்தான் பதிப்பையும் யூனிகோடு தரவின் பதிப்பையும் அச்சிட்டு, முதன்மையான வாக்குறுதிகளைச் சரிபார்த்தால் போதும். முந்திரிக்குறி ஆய்வாளருக்கு அந்த முதலிரண்டு வரியே விடையாகிவிடும்.

தேடும் சிரமத்துக்கு, டெஸ்ட்ஸ் அடைவு பொதியின் அமைப்பை அப்படியே ஒத்திருக்கட்டும். வரிசை மாட்யூலுக்கான சோதனை எங்கே என்று கேட்காமலே தெரிய வேண்டும். ‘பழைய வழுக்கள்’ கோப்பைக் கலைத்து, ஒவ்வொரு சோதனையையும் உரிய மாட்யூலின் கோப்புக்கு அனுப்பிவிடலாம். வழு எண் சோதனையின் விளக்கவுரையில் இருந்தால் போதும்.

வல்லினம் எழுதியது:

தற்சோதனை என்ற யோசனையை ஏற்கிறேன். என் முன்மொழிவில் இல்லாத ஒன்று அது. ஒத்த அமைப்பு என்பதில் மட்டும் ஒரு நடைமுறைச் சிக்கல். மாற்றிகளிலும் வரிசையிலும் ‘அட்டவணை’ என்ற ஒரே பெயரில் மாட்யூல்கள் உள்ளன. இனிட் கோப்புகள் இல்லாமல், இரண்டு அடைவுகளில் ஒரே பெயருள்ள சோதனைக் கோப்புகள் இருந்தால், பைட்டெஸ்டின் இயல்பான முறை இரண்டாவதை ஏற்ற மறுத்துவிடும். 6.0 பதிப்பிலிருந்து அதில் இம்போர்ட்லிப் என்ற மாற்று முறை உண்டு. அது தேடல் பாதையைத் தொடாமலே கோப்புகளை ஏற்றும். அதைப் பயன்படுத்துவோம். ஆனால் தேடல் பாதையைத் தொடாததால், டெஸ்ட்ஸ் அடைவிலிருக்கும் உதவி மாட்யூலைச் சோதனைக் கோப்புகள் இம்போர்ட் செய்ய இயலாமல் போகும். எனவே உதவி மாட்யூலின் இடத்தைப் பற்றிய கேள்வி தள்ளிப்போட முடியாததாகிவிடுகிறது.

எனக்கு இதில் முன்மாதிரியாகத் தோன்றுவது தரவுத்தள நூலகமான எஸ்கியூஎல்-ஆல்கமி. அதன் சோதனைகள் பொதிக்கு வெளியே தனி அடைவில் இருக்கின்றன. ஆனால் சோதனைக்கான கருவிகள் டெஸ்டிங் என்ற பெயரில் பொதிக்குள் வருகின்றன. வேறு தரவுத்தளங்களுக்கு இணைப்பு எழுதும் வெளியார், தம் இணைப்பு சரியாக நடந்துகொள்கிறதா என்று அதிலுள்ள தொகுப்பைக் கொண்டே சரிபார்த்துக்கொள்கிறார்கள். இணையச் சட்டகமான ஜாங்கோவும் இப்படித்தான்: சோதனைகள் வேரிலுள்ள டெஸ்ட்ஸ் அடைவில், சோதனை எழுதுவோருக்கான வகுப்புகள் பொதிக்குள். நம் ஒப்பீட்டு உதவியை நம் நூலகத்தைச் சார்ந்து எழுதப்பட்ட இரண்டு சொற்பிழைதிருத்திகள் ஏற்கெனவே தங்கள் களஞ்சியத்தில் நகலெடுத்து வைத்திருக்கின்றன. இன்னொருவருக்குப் பயன்படும் என்று தெரிந்துவிட்ட பிறகு அது சோதனை அன்று, நூலகத்தின் ஒரு மாட்யூல். அதைப் பொதிக்குள் கொண்டுவந்து, ஆவணம் எழுதி, அதற்கும் சோதனை எழுதுவோம்.

மாற்றிகளைப் பற்றி என் எண்ணம், தனிப் பொதியாகப் பிரித்துவிட வேண்டும் என்பது. தொண்ணூறுகளின் இணையப் பக்கங்களையும் பழைய மின்னஞ்சல் குழுக் காப்பகங்களையும் மீட்பவர்களுக்கு மட்டுமே அவை தேவை. எல்லாருக்கும் அந்த அட்டவணைகளை ஏன் அனுப்ப வேண்டும்?

நொய்யல் எழுதியது:

தற்சோதனை மாட்யூல் இருக்குமானால் சோதனைகளின் இடத்தைப் பற்றிய என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். அது பைட்டெஸ்டைச் சாரக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

மாற்றிகளைப் பிரிப்பதை ஏற்க இயலவில்லை. ஜாங்கோவில் நாடுவாரிப் படிவ உதவிகளைத் தந்த லோக்கல்ஃபிளேவர் 1.5 பதிப்பில் கைவிடப்படவிருப்பதாக அறிவிக்கப்பட்டு, 1.6இல் மையத்திலிருந்து வெளியேறியது. அதைத் தனிப் பொதியாகத் தொடர்ந்து பராமரிக்க ஆட்கள் இருந்தார்கள். பைத்தான் 3.13இல் சிஜிஐ, டெல்நெட்லிப் உள்ளிட்ட பல மாட்யூல்கள் நீக்கப்பட்டபோதும், முன்கூட்டியே அறிவித்துவிட்டே நீக்கினார்கள். நம்மிடம் மாற்றிகளைத் தனியே பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பிரித்த அன்றே அது அனாதைப் பொதியாகிவிடும். அளவுதான் காரணம் என்றால், அட்டவணைகள் மூன்றும் சேர்ந்தே நம் பெயரகராதிக் கோப்பின் அளவுக்கு வாரா. மேலும், மாற்றி என்பது எழுத்தைப் பற்றிய அறிவு இல்லாமல் இயங்குவதன்று. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கின்றன: ‘கெ’ என்பதில் கொம்பு முதலில், ககரம் பின்னால். ‘கொ’வில் கொம்பு, ககரம், கால். அவற்றை யூனிகோடின் ஒலிவரிசைக்குத் திருப்ப, மெய் எது குறி எது என்று அறிய வேண்டும். அந்த அறிவு மையத்தில் இருக்கிறது. மையத்தின் உட்செயற்கூறுகளை மாற்றிகள் நேரடியாக அழைக்கின்றன. பிரித்தால், அந்த உட்செயற்கூறுகளைப் பொது முகமாக்கி என்றென்றைக்கும் காப்பாற்றியாக வேண்டும்.

தாமிரபரணி எழுதியது:

இதில் நொய்யல் பக்கம் நிற்கிறேன். எந்தச் சோதனையை எந்த மாட்யூல் உடைக்கிறது என்று பார்த்தாலே போதும். சென்ற ஓராண்டு கமிட்களை (களஞ்சியத்தில் பதிவான மாற்றங்களை) புரட்டினேன்: துண்டாக்கியில் கைவைத்தபோதெல்லாம் மாற்றிகளின் சோதனைகளும் திருத்தப்பட்டிருக்கின்றன. ஒன்றாக மாறுபவை ஒன்றாக இருக்கட்டும். பிரிக்க வேண்டுமானால் முதலில் மாற்றிகள் மையத்தின் பொது முகத்தை மட்டுமே அழைக்கும்படி எழுதுவோம். அது முடிந்த பிறகு பிரிப்பது என்பது கோப்புகளை நகர்த்தும் வேலை மட்டுமே. பொதிக்குள் ‘பழங்குறியாக்கம்’ என்ற துணைப்பொதியாகவும், டெஸ்ட்ஸ் அடைவில் அதே பெயரிலும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்தால், பின்னாளில் பிரிவினை வந்தாலும் சோதனைகள் தம் மாட்யூலோடு சேர்ந்தே போய்விடும். பைத்தானிலும் யூனிட்டெஸ்ட், சிடைப்ஸ் ஆகியவற்றின் சோதனைகள் நெடுங்காலம் அந்தந்தப் பொதிக்குள்ளேயே கிடந்து, 3.12இல்தான் டெஸ்ட் பொதிக்கு வந்து சேர்ந்தன. அவர்களும் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை.

பொதிகாவலர் எழுதியது:

துணைப்பொதி எனக்கும் உகந்ததே. இருமக் கோப்புகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லாததால் நானே ஒரு வழி சொல்கிறேன். க்னூ சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற குறியாக்க மாற்று நிரலுக்குத் திஸ்கி தெரியும். எனவே ஒழுங்கான மாதிரிகளைக் களஞ்சியத்தில் யூனிகோடு உரையாகவே வைத்துவிட்டு, திஸ்கி பைட்டுகளைச் சோதனை ஓடும் நேரத்தில் உருவாக்கலாம்; நம் மாற்றிக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சியும் கிடைக்கும். க்னூ அல்லாத கணினிகளில் அந்தச் சோதனை தவிர்க்கப்படட்டும். பழைய பக்கங்களிலிருந்து எடுத்த, குறியாக்கப் பிழைகளோடு கூடிய மாதிரிகளை அப்படி உருவாக்க முடியாது. அவற்றைப் பதினாறடிமான எண்களாக, ஒரு வரிக்கு ஒரு சொல் என்ற அளவில், எந்தக் காப்பகத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு உரைக்கோப்பில் எழுதுங்கள். திருத்தத்தைப் பார்ப்பவர் என்ன மாறியது என்று வரி வரியாகப் படிக்க முடியும். இதற்கு உடன்பட்டால், அந்தக் கோப்புகள் மூலப் பொதியில் இருப்பதை நான் தடையின்றி ஏற்பேன். டாப், டாம் மாதிரிகளுக்கு ஐகான்வ் உதவாது. அவை எல்லாமே இரண்டாம் வகையில்தான் சேரும்.

புதுவரவு எழுதியது:

பதினாறடிமான மாற்றத்தை நான் செய்து தருகிறேன். ஒரே ஒரு ஐயம்: ‘ஸ்ரீ’ இருக்கும் மாதிரிகளில் எதிர்பார்க்கும் விடை எது? சகரத்தின் வடமொழி வடிவமான ஶ யூனிகோடு 4.1இல் சேர்ந்த பிறகு, அதைக் கொண்டு எழுதுவதும் ஸகரத்தைக் கொண்டு எழுதுவதும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன. இப்போதைய மாதிரிகளில் இரண்டும் கலந்து இருக்கின்றன.

வல்லினம் எழுதியது:

அந்த ஐயத்துக்குத் தனி வழுப்பதிவு திறந்துவிடுங்கள். அது நூலகத்தின் நடத்தையைப் பற்றியது, கோப்பின் இடத்தைப் பற்றியதன்று. விடை முடிவாகும்வரை இரண்டு வடிவங்களையும் ஏற்கும்படி சோதனையை எழுதி, வழு எண்ணைக் குறித்துவிடுங்கள்.

மாற்றிகளைப் பிரிக்கும் எண்ணத்தை நிறுத்தி வைக்கிறேன். தாமிரபரணி சொன்ன துணைப்பொதியாக இருக்கட்டும். வேலைகளை இந்த வரிசையில் செய்வோம். முதல் கமிட்டில் கோப்புகளை நகர்த்துவது மட்டுமே. ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான ஜிட் பெயர்மாற்றத்தைப் பதிவு செய்வதில்லை. உள்ளடக்கத்தின் ஒற்றுமையைக் கொண்டு பின்னர் ஊகிக்கிறது. நகர்த்தலும் திருத்தமும் ஒரே கமிட்டில் கலந்தால் சிறிய கோப்புகளின் வரலாறு அறுந்துவிடும், பின்னாளில் ஒரு வரியை எழுதியவர் யார் என்று தேடுபவர் இந்தக் கமிட்டோடு நின்றுவிடுவார். அந்த முதல் கமிட்டில் சோதனைகள் உடைந்துதான் இருக்கும். அதைத் தனியாக மையக் கிளையில் இணைக்காமல், அடுத்துவரும் அமைப்புக் கோப்புத் திருத்தத்தோடு ஒரே இணைப்புக் கோரிக்கையாக, நசுக்காமல் (இரண்டையும் ஒரே கமிட்டாக்காமல்) இணைப்போம்.

இரண்டாவது கமிட்டில் அமைப்புக் கோப்பு, இம்போர்ட்லிப் முறை, மூலப் பொதிக்கான சேர்க்கைப் பட்டியல் ஆகியவை. அதோடு, உருவான வீலைத் திறந்து மூன்று அட்டவணைகளும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு படியையும் வெளியீட்டு ஓட்டத்தில் சேர்க்கிறேன். உதவி மாட்யூலைப் பொதிக்குள் கொண்டுவருவதும் தற்சோதனையும் அதற்குப் பிந்தைய தனிக் கோரிக்கைகள். தற்சோதனையை நொய்யல் எழுத முன்வந்தால் நல்லது; எந்தெந்த வாக்குறுதிகள் அதில் இடம்பெற வேண்டும் என்பதில் அவருக்குத்தான் தெளிவு இருக்கிறது.

திறந்திருக்கும் இணைப்புக் கோரிக்கைகளில் டெஸ்ட்ஸ் அடைவைத் தொடுபவற்றை முதலில் முடித்துவிடுவோம், இல்லையேல் அவற்றை எழுதியவர்கள் அனைவரும் முரண்களைக் கையால் தீர்க்க நேரும். புதுவரவின் அகரவரிசைத் திருத்தம் அவற்றில் ஒன்று. அதை இன்று மாலைக்குள் பார்த்து இணைத்துவிடுகிறேன்.

நொய்யல் எழுதியது:

தற்சோதனையை எழுதுகிறேன். முதல் வரியில் பைத்தான் பதிப்பு, இரண்டாம் வரியில் யூனிகோடு பதிப்பு, மூன்றாம் வரியில் நூலகம் ஏற்றப்பட்ட கோப்பின் முழுப்பாதை. அந்த மூன்றாவது வரி இல்லாவிட்டால், மூலப் பிரதியா நிறுவிய பிரதியா என்று வழுப்பதிவில் மறுபடியும் கேட்டுக்கொண்டிருப்போம்.